மை ஏறிய ஊர்

ராஜாக்கள் எல்லாம் போய்ப் பிரசிடெண்டுகள் வந்துவிட்ட காலத்தில், மேற்கே மலையும் கிழக்கே காற்றாலைகளும் நிற்க நடுவில் ஒரே ஒரு ஊர் இருந்தது, அந்த ஊரில் ஒரே ஒரு பிரசிடெண்ட் இருந்தார். ஊருக்கு நொச்சியூரணி என்று பேர், பிரசிடெண்டுக்குக் குற்றாலலிங்கம் என்று பேர். கதை கேட்கிறவர்கள் உம் கொட்ட வேண்டும் என்பது வழக்கம்தான், ஆனால் இந்தக் கதைக்கு வேண்டாம், இது உம் கொட்டியே கெட்ட ஊரின் கதை.

குற்றாலலிங்கம் அண்ணாச்சி நாலு தேர்தல் தொடர்ந்து ஜெயித்தவர். தெருக்குழாயும் தார் ரோடும் மினி பஸ்ஸும் அவர் காலத்தில்தான் வந்தன. பிரசிடெண்ட் என்பது ஒரு வேலை என்று அறியாமல், அது அவருடைய இன்னொரு பேர் என்றே நினைத்து வளர்ந்த பிள்ளைகள் அந்த ஊரில் உண்டு, அவர்களில் சிலர் கல்யாணமும் செய்து பிள்ளையும் பெற்றுவிட்டார்கள். அவர் செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். ஊருக்கு நடுவில் இருக்கிற ஊருணியின் படிக்கட்டு இடிந்து பாசி பிடித்துக் கிடந்தது, அதைச் சுற்றி ஒரு சுவர் கிடையாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் அடுத்த வருசம் கட்டிருவோம் என்பார், ஊரும் உம் என்று கேட்டுக்கொள்ளும்.

ஐந்தாவது தேர்தலில், கல்யாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் அண்டாவும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிற முப்பிடாதி அவரை எதிர்த்து நின்றாள். அவள் மேடை போடவில்லை, மைக் கட்டவில்லை. சாமான் கேட்டு வந்தவர்களிடம், நான் வந்தா ஊருணியச் சுத்திச் செவரு கட்டுவேன் என்று மட்டும் சொன்னாள், கூடவே கரண்டி ஒண்ணு கொறஞ்சாலும் சும்மா விடமாட்டேன் என்று எப்போதும் சொல்வதையும் சொன்னாள். எண்ணிப் பார்த்தபோது அண்ணாச்சிக்கு விழுந்ததைப் போலப் பத்துப் பங்கு அவளுக்கு விழுந்திருந்தது.

அன்று சாயந்தரம் நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் வேர்.

அண்ணாச்சி வீட்டில் யாரும் சாகவில்லை. ஆனாலும் தோற்றுப்போன மனிதரின் வீட்டுக்கு வேறெப்படிப் போவது என்று தெரியாத ஊர், துக்க வீட்டுக்குப் போவது போலவே போனது. செருப்பை வாசலுக்கு வெளியே விட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கி, ஆண்கள் முற்றத்து நாற்காலிகளிலும் பெண்கள் உள்கூடத்திலும் உட்கார்ந்து, யாரும் யாருடைய முகத்தையும் பார்க்காமல் விட்டத்தைப் பார்த்தார்கள். நாற்காலிகள் முப்பிடாதி கடையில் இருந்து வந்தவை. இத்தனை பேர் வந்தால் உட்கார இடம் வேண்டுமே என்று அவளேதான் ஆள்விட்டு அனுப்பியிருந்தாள். உட்கார்ந்தாயிற்று, கருப்பட்டிக் காப்பி வந்து குடித்தாயிற்று, இனி எழுந்துபோக வேண்டியதுதான். அங்கேதான் முடிச்சு விழுந்தது. துக்க வீட்டில் இருந்து கிளம்புகிறவர்கள் போயிட்டு வாரேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, சத்தமில்லாமல் எழுந்து போய்விட வேண்டும். ஆனால் உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் சொல்லிக்கொள்ளாமல் போவது அவரைப் பிணமாக்குவதற்குச் சமம். சொன்னாலும் தப்பு, சொல்லாவிட்டாலும் தப்பு என்று ஊரே நாற்காலியோடு நாற்காலியாக ஒட்டிக்கொண்டு இருட்டும் வரை இருந்தது.

கடைசியில் டீக்கடை சொரிமுத்து, பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்தவன், இனிமேல் தாங்காது என்று ஆனபோது எழுந்து கும்பிட்டான். வாயில் வந்ததைச் சொன்னான்.

“எங்க ஓட்டு ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி.”

போயிட்டு வாரேன் என்பதற்குப் பதிலாகத்தான் அவன் அதைச் சொன்னான். அண்ணாச்சி அவன் முகத்தைப் பார்த்து, “நம்புதேன்” என்றார்.

அடைத்த வாய்க்கால் உடைத்துக்கொண்டது போல ஆகிவிட்டது. அடுத்து எழுந்தவரும் அதையே சொன்னார், அவருக்கு அடுத்தவரும் அதையே சொன்னார், பெண்கள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசல் நிலைப்படியில் நின்று அதையே சொன்னார்கள், ஒவ்வொருவருக்கும் அண்ணாச்சி நம்புதேன் என்றார், எல்லாருக்கும் வீட்டுக்குப் போக வழி கிடைத்தது. எல்லாரும் போனபிறகு அவருடைய பெண்டாட்டி உலகம்மாள் காப்பித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் அவளையும் பார்த்தார். பார்த்த பார்வைக்கு அவளும் எதையாவது சொல்ல வேண்டியிருந்தது. நானும் ஒங்களுக்குத்தான் போட்டேன் என்றாள். அவளிடமும் நம்புதேன் என்றார்.

மறுநாள் காலையில் குளித்து விபூதி பூசி, முழுக்கைச் சட்டையைக் கழுத்து வரை பொத்தான் போட்டு, துண்டைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, இடுப்பில் இருந்த சாவியால் பஞ்சாயத்து ஆபீசைத் திறந்து வழக்கம்போலத் தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஊர்ப்பெரியவர்கள் தயங்கித் தயங்கிப் போய், என்ன அண்ணாச்சி இப்படி என்று கேட்டார்கள்.

“நேத்து வந்த அத்தன பேரும் எனக்குத்தான் போட்டேன்னாவ” என்றார் அவர். “பெறகு தோத்தது யாரு?”

கேட்டவர்களுக்குப் பதில் தெரியும். ஆனால் பதிலைச் சொன்னால் நேற்றுச் சொன்னது பொய் என்று ஆகும். உம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

முப்பிடாதி தன் கடையில் இருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து ஆபீஸ் வராந்தாவில் போட்டு உட்கார்ந்தாள். உள்ளே மரநாற்காலியில் ஒரு பிரசிடெண்ட், வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பிரசிடெண்ட். ஊர்க்காரர்கள் வெளியே இருக்கிறவளுக்கு ஒரு சிரிப்பும் உள்ளே இருக்கிறவருக்கு ஒரு கும்பிடும் வைத்துவிட்டுப் போனார்கள். அவள் போகிற வருகிறவர்களைப் பார்த்து, “ஓட்டு எனக்கு, வாயி அவருக்கா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். குனிந்த தலை நிமிராமல் எல்லாரும் கடந்தார்கள். சுவர் கட்டுவதற்கு அவள் கையெழுத்துப் போட வேண்டும், போடுவதற்கு முத்திரையும் சாவியும் வேண்டும், இரண்டும் உள்ளே இருந்தன. உள்ளே இருந்தவர் எழுந்திருப்பதாக இல்லை.

இப்படி இருக்கிறபோதுதான் மை ஏற ஆரம்பித்தது.

ஓட்டுப் போட்ட அன்று இடது ஆள்காட்டி விரலில் வைக்கிற மை நகத்தோடு வளர்ந்து தேய்ந்து போகும், அது எல்லா ஊருக்கும் பொது. நொச்சியூரணியில் அது தேயாமல் முதல் கணுவைத் தாண்டியது, இரண்டாவது கணுவைத் தாண்டியது, பிறகு எறும்பு வரிசை போல நிதானமாக உள்ளங்கைக்கு இறங்கி மணிக்கட்டுக்கு ஏறியது. வலி இல்லை, அரிப்பு இல்லை. எலுமிச்சம்பழத்தால் தேய்த்தார்கள், செங்கல்பொடியால் தேய்த்தார்கள், மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். கறுத்த கையில் சிவப்புக் கண்ணாடி வளையல் எடுப்பாக இருக்கிறது என்று பெண்கள் கண்டுபிடித்தார்கள். தையல்காரர் முழங்கை வரைக்குமான ஜாக்கெட்டுகளாகத் தைத்துத் தள்ளினார். ரேஷன் கடை ரேகை மெஷின் இடதுகையை ஒத்துக்கொள்ளாமல் கூவியது, வலதுகையை வைக்கச் சொன்னார்கள். கோவில் பூசாரி, கறுத்த கைக்கு விபூதி பளிச்சென்று தெரியுது என்று சந்தோசமாகச் சொன்னார். வெளியூரில் இருந்து பெண் பார்க்க வந்தவர்கள் மணப்பெண்ணின் கையைப் பார்த்து மருதாணி நல்லாப் புடிச்சிருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள், யாரும் திருத்தவில்லை.

ஒவ்வொருவருக்கும் தன் கை ஏன் கறுக்கிறது என்று தெரியும். அடுத்தவர் கை ஏன் கறுக்கிறது என்று தெரியாது. பொய் சொன்னது தான் ஒருவன்தான் என்றும், மற்றவர்களுக்கு அண்ணாச்சி மேல் வைத்த பாசத்தால் மை நிலைத்து நிற்கிறது என்றும் ஒவ்வொருவரும் நினைத்தார்கள். அதனால் அண்ணாச்சிக்கு உண்மையாகவே ஓட்டுப் போட்ட கொஞ்சம் பேர்தான் பாவம், மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு மை நியாயப்படி தேய்ந்து விரல் வெளுத்துவிட்டது. வெள்ளை விரலைப் பார்த்து, இவன்தான் அண்ணாச்சிக்குத் துரோகம் செய்தவன் என்று ஊர் காதோடு காதாகப் பேசியது. அவர்கள் அடுப்புக்கரியை விளக்கெண்ணெயில் குழைத்துத் தினமும் காலையில் கையில் பூசிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

மை தோளுக்கு வந்தது, தோளில் இருந்து கழுத்துக்கு வந்தது. கழுத்தைச் சுற்றித் தொண்டைக்குழியில் மூடிக்கொண்டது ஊர் அறிய முதலில் சொரிமுத்துவுக்குத்தான், முதலில் சொன்னவன் அவன் அல்லவா. அன்று காலையில் கடைக்கு வந்தவரிடம், சீனி போடவா வேண்டாமா என்று கேட்க வாயைத் திறந்தான், “எங்க ஓட்டு ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி” என்றது வாய். வந்தவர் சிரித்து, “வே, சீனி போடும்னா ஓட்டுப் போடுதீரு” என்றார். சொரிமுத்துவும் சிரித்துக்கொண்டு மறுபடி கேட்டான், மறுபடியும் அதுவே வந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம், இவனுக்கு அண்ணாச்சிகிட்ட என்னமோ காரியம் ஆகணும்போல என்று கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களுக்கு ஒருவர் பின் ஒருவராகக் கழுத்து மூடியது. அதன் பிறகு அவர்கள் வாயில் இருந்தும் அந்த ஒரு பேச்சைத் தவிர வேறு பேச்சு வரவில்லை.

அதற்கும் ஊர் பழகிக்கொண்டது. ஒரே பேச்சை இழுத்துச் சொன்னால் கூப்பிடுவது, முடுக்கிச் சொன்னால் வைவது, கடைசியைத் தூக்கிச் சொன்னால் கேள்வி, மெதுவாகச் சொன்னால் கொஞ்சுவது என்று தானாகவே ஒரு கணக்கு உண்டாகிவிட்டது. புருசன் பெண்டாட்டி அந்தப் பேச்சாலேயே சண்டை போட்டு அந்தப் பேச்சாலேயே சமாதானம் ஆனார்கள். கத்தரிக்காய் விற்கிறவள் அதையே கூவிக்கொண்டு தெருவில் போனாள். தொட்டிலில் கிடந்த பிள்ளைகளுக்கு அதுவே தாலாட்டு. மேலத்தெருவில் ஒரு சாவு விழுந்தபோது பெண்கள் வட்டம் கூடி மாரில் அடித்துக்கொண்டு, எங்க ஓட்டு ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி என்று ஒப்பாரி வைத்தார்கள், அதைக் கேட்டு அழாதவர்கள் இல்லை.

ஆபீசுக்குள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அண்ணாச்சிக்கு நாலு பக்கமும் இருந்து விடியும்போது தொடங்கிப் பொழுது அடையும் வரை அந்தப் பேச்சு வந்துகொண்டே இருந்தது. அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டுவிட்டார். யார் வந்து என்ன கேட்டாலும் நம்புதேன் என்று ஒரு சொல், அவ்வளவுதான். பெரிய மனுசத்தனம் முற்றினால் அப்படித்தான், சொல் சுருங்கிவிடும் என்று ஊர் மெச்சியது. உலகம்மாள் தினமும் மத்தியானம் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோய் வைத்துவிட்டு, குழம்பு உப்பு சரியா இருக்கா என்று கேட்பாள். நம்புதேன் என்பார். ராத்திரி வீட்டுக்கு வருவீயளா என்று கேட்பாள். நம்புதேன் என்பார். வருவதில்லை, வேட்டி மாற்றிக் குளிப்பதும்கூட ஆபீஸ் பின்கட்டிலேயே என்றாகிவிட்டது. இந்த வயதில் என்னிடம் என்ன கேலி என்று அவள் மனம் கசந்து, வெறும் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருணிக்கரை வழியாகத் திரும்புவாள். அவளுக்கு மை தோள்பட்டையில் இருந்தது, முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தாள்.

முப்பிடாதி போட்ட புகாருக்கு யூனியன் ஆபீசில் இருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். ஆபீஸ் முன்னால் ஊரைக் கூட்டி, யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்கக் கூடாது, ஆனாலும் கேட்கிறேன், யாரை உங்கள் தலைவர் என்கிறீர்கள் என்று கேட்டார். ஊர் ஒரே குரலில் பதில் சொன்னது. அதிகாரி மூன்று திசையிலும் திரும்பிக் கேட்டார், மூன்று திசையிலும் அதே பதில். பேச்சு வருகிறவர்களும் கொஞ்சம் பேர் கூட்டத்தில் இருந்தார்கள், அவர்கள் தரையைப் பார்த்தார்கள். மக்கள் சொல்வது சரிதானா என்று உள்ளே போய்க் கேட்டதற்கு அண்ணாச்சி நம்புதேன் என்றார். அதிகாரி வெளியே வந்து முப்பிடாதியிடம், அம்மா, எண்ணிக்கை உங்க பக்கம், சனம் அவர் பக்கம், நான் யாரை வெளியேற்ற, என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் போன புழுதி அடங்கும் வரை முப்பிடாதி நின்றாள்.

“ஒரு செவரு கட்டுததுக்கு எத்தன வாயத் தாண்ட வேண்டியிருக்கு” என்றாள், யாரிடமும் இல்லாமல்.

இது நடந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். உச்சி வெயில். உலகம்மாள் சோற்றுச் சட்டியோடு ஊருணிக்கரையில் போய்க்கொண்டிருந்தாள். நாணல் மறைவுக்கு அந்தப் பக்கம் படிக்கட்டில் இருந்து ஒரு பெண்குரல், “எங்க ஓட்டு ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி” என்றது. ஒருதரம் இல்லை, திரும்பத் திரும்ப, வரவர உரக்க. தெற்குத் தெரு சந்தனமாரியின் குரல் என்று உலகம்மாளுக்குத் தெரிந்தது. காலையில் இருந்து அந்தப் பேச்சை எத்தனையோ பேர் வாயில் கேட்டாயிற்று. துணி துவைக்கிற அலுப்பில் பாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, “சரி தாயி, அவாள்ட்டச் சொல்லுதேன்” என்று இருந்த இடத்தில் இருந்தே பதில் சொல்லிவிட்டு, குழம்பு ஆறிவிடுமே என்று எட்டி நடந்தாள். எதிர்க்கரையில் டீக்கடை பெஞ்சில் இருந்தவர்களும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். கேட்டு, தலையை ஆட்டி, அவரவர் டீயைக் குடித்தார்கள்.

சந்தனமாரி ஈரத்துணியைப் புதரில் விரிக்கப் போன நேரத்தில் அவளுடைய குழந்தை வேம்பு, தத்தித் தத்தி நடக்கிற பிள்ளை, இடிந்த படியில் வழுக்கி உள்ளே போயிருந்தது. அவளுக்கு நீச்சல் தெரியாது. தெரிந்த ஒரே பேச்சைக் கத்திக்கொண்டே கழுத்து முட்ட இறங்கித் துழாவி, ஆட்கள் என்னமோ ஏதோ என்று வந்து பார்ப்பதற்குள் பிள்ளையை எடுத்துக்கொண்டு அவளே கரையேறிவிட்டாள். எடுத்து என்ன செய்ய.

அந்த வீட்டுக்கும் முப்பிடாதி கடையில் இருந்துதான் நாற்காலிகள் வந்தன. அவளே தலையில் சுமந்து கொண்டுவந்து போட்டாள். நடுவீட்டில் சின்னத் துணியில் பிள்ளையைக் கிடத்தியிருந்தது, பக்கத்தில் ஈரச்சேலையோடு சந்தனமாரி, தொண்டை கட்டிப்போன குரலில் அந்தப் பேச்சையே சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். உலகம்மாள் நிலைப்படியைத் தாண்டி ஒரு கால் உள்ளே வைத்தவள் அந்தக் குரலைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். நாணலுக்கு அந்தப் பக்கம் கேட்ட அதே இழுப்பு, அதே முறிவு. பாட்டு என்று தான் நினைத்தது எது என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. அதே நேரம் தன் தோளில் இருந்த மை கழுத்தெலும்பைத் தாண்டித் தொண்டையை நோக்கி ஒரு விரற்கடை ஏறுவதும் தெரிந்தது, குளிர்ந்த நகத்தால் யாரோ கோடு இழுப்பது போல. இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. மூடிவிட்டால் பிறகு தன் வாயிலும் அந்த ஒரு பேச்சுத்தான்.

அவள் உட்காரவில்லை. சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்து, வெறுங்கையோடு, செருப்பில்லாமல் தார் ரோட்டு வழியாகப் பஞ்சாயத்து ஆபீசுக்கு நடந்தாள். அவள் போன வேகத்தைப் பார்த்து முப்பிடாதி பின்னாலேயே வந்தாள், முப்பிடாதியைப் பார்த்து இன்னும் கொஞ்சம் பேர் வந்தார்கள்.

உள்ளே போய் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றாள். அவர் நிமிர்ந்து, தூக்குச்சட்டி எங்கே என்பது போல அவள் கையைப் பார்த்தார்.

“சோறு கொண்டாரல” என்றாள். “ஒண்ணு சொல்லணும், அதுக்கு வந்தேன். நான் ஒங்களுக்குப் போடல. முப்பிடாதிக்குப் போட்டேன்.”

பின்னால் வந்தவர்கள் வாசலிலேயே நின்றுகொண்டார்கள்.

“ஊருணிச் செவருக்காவ நான் போடல, அப்படிச் சொன்னா அதுவும் பொய்யாயிரும். நீங்க தோத்தா வீட்டுக்கு வருவிய, சுடுசோறு திம்பிய, கதவச் சாத்திட்டு ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருக்கலாம்னு நெனச்சேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒங்களோட ஒக்காந்து நான் சாப்பிட்டதே இல்ல. அன்னைக்கு நீங்க பாத்த பார்வைக்கு பயந்துட்டு வாய்க்கு வந்ததச் சொன்னேன். எல்லாரும் அப்படித்தான் சொன்னாவ. சந்தனமாரி புள்ள முங்குதுன்னு கத்துதா, எனக்கு ஒங்க பேருதான் காதுல கேக்கு. நான் சரி தாயின்னுட்டுப் போயிட்டேன்.”

அவள் நிறுத்தினாள். அவர் வாயைத் திறந்தார்.

“நம்புதேன்.”

உலகம்மாள், “இதுக்கும் அதே சொல்லுதானா? ஒங்க மனசுல ஈரமே இல்லியா?” என்று மேஜையில் கையை ஓங்கி அடித்தாள். அடித்த கையைப் பார்த்தாள். தோள்பட்டை வெளுத்திருந்தது. வெயில் ஏறும்போது சுவரில் நிழல் இறங்குவது போல மை அவள் தோளில் இருந்து முழங்கைக்கும், முழங்கையில் இருந்து மணிக்கட்டுக்கும் இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் காதை மறைத்துச் சுற்றியிருந்த துண்டை மெதுவாக எடுத்தார். சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றினார், அடுத்ததைக் கழற்றினார், சட்டையையே கழற்றி நாற்காலி முதுகில் போட்டார். இடது விரலில் தொடங்கிக் கை முழுதும் நெஞ்சு முழுதும் கறுத்து, கழுத்தைச் சுற்றி மூடி, காதுமடல் வரைக்கும் மை. ஊரில் யாருக்கும் அவ்வளவு ஏறியிருக்கவில்லை. ஊரார் ஒவ்வொருவரும் ஒரே ஒரு பொய் சொன்னார்கள். வந்தவர் அத்தனை பேரிடமும் நம்புதேன் என்று அவர் சொன்னது அத்தனை பொய். சொரிமுத்துவுக்கு முன்னாலேயே தொண்டை மூடி, அந்த ஒரு சொல்லோடு அந்த நாற்காலியில் அவர் தனியாக இருந்திருக்கிறார், எழுந்து வீட்டுக்குப் போனால் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்குமே என்று.

“நம்புதேன்” என்றார் மறுபடியும், அவள் முகத்தைப் பார்த்து. இந்தத் தடவை அது உண்மை. அவர் காதுமடலில் இருந்து மை ஒரு நூல் அளவு இறங்கியதை உலகம்மாளும் பார்த்தாள், வாசலில் நின்ற முப்பிடாதியும் பார்த்தாள்.

பிறகு நடந்ததை ஊர் இன்றைக்கும் மெதுவாகத்தான் சொல்லும். பிள்ளையைக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்து, தலை முழுகின ஈரத்தோடு ஊர் முழுதும் பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் கூடியது. அண்ணாச்சி சட்டை இல்லாமல் வந்து வாசல் படியில், தரையில் உட்கார்ந்தார். சாவியையும் முத்திரையையும் முப்பிடாதியின் பக்கம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, “இன்னைக்கே செவருக்கு வானம் தோண்டச் சொல்லிருவேன் அண்ணாச்சி” என்றாள். “ஆனா யாருக்காவக் கட்டுதேன்னு சந்தனமாரி கேட்டா நான் என்ன சொல்ல?” அவரிடம் இருந்த ஒரு சொல்லை அங்கே சொல்ல முடியாது, தலையைக் குனிந்துகொண்டார். அவள் உள்ளே போகவில்லை, கதவைப் பூட்டவும் இல்லை, சாவியைப் பிடித்தபடி தன் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

சொரிமுத்துதான் இதிலும் முதலில் வந்தான். பேச வாய் இல்லை. அண்ணாச்சி முன்னால் நின்று, கண்ணைப் பார்த்து, இல்லை என்று தலையை இரண்டு பக்கமும் அசைத்தான். அண்ணாச்சி நம்புதேன் என்றார். சொரிமுத்துவின் கழுத்து வெளுத்தது, அண்ணாச்சியின் தாடையில் மை இன்னொரு நூல் இறங்கியது. சொரிமுத்து தொண்டையைச் செருமிப் பார்த்தான், குரல் இருந்தது, கும்பிட்டுவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போனான். அவனுக்குப் பின்னால் ஊர் வரிசையாக வந்தது. பூசாரி வந்து இல்லை என்று தலையசைத்தார், தையல்காரர் அசைத்தார், படுக்கையில் இருந்து எழுந்து வர முடியாத கிழவர்களைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள், அவர்களும் தலையணையில் தலையைப் புரட்டி இல்லை என்றார்கள். ஒவ்வொரு இல்லைக்கும் அவர் நம்புதேன் என்றார். ஜெயித்த நாலு தேர்தலிலும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கும்பிட்டு வாங்கியதை, வாசல் படியில் உட்கார்ந்து ஒவ்வொருவராகத் திருப்பிக் கொடுப்பது போல இருந்தது. உண்மையாகவே அவருக்கு ஓட்டுப் போட்டுவிட்டுக் கரி பூசிக்கொண்டு திரிந்தவர்கள் வரிசையில் நிற்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஓரமாக நின்றார்கள், பிறகு குழாயில் கையைக் கழுவிக்கொண்டு அவர்களும் போனார்கள். யாரும் போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை. துக்க வீட்டில் இருந்து போவது போலத்தான் எல்லாரும் போனார்கள். அன்றைக்கே சொல்லாமல் போயிருக்கலாம் என்று சிலருக்குத் தோன்றியிருக்கும்.

வெயில் மலைக்குப் பின்னால் சாய்ந்தபோது அண்ணாச்சியின் நெஞ்சு வெளுத்து, தோள் வெளுத்து, கை வெளுத்து, விரல் நுனியில் ஓட்டுப் போட்ட அன்று வைத்த கோடு மட்டும் மிச்சம் இருந்தது. எல்லாரும் போய்விட்டார்கள் என்று உலகம்மாள் அவருடைய சட்டையை எடுக்க உள்ளே போனாள். வெளியே வந்தபோது சந்தனமாரி நின்றிருந்தாள்.

ஊருணியில் இறங்கிய சேலை பாதி காய்ந்து பாசியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கழுத்து கறுப்பாக இருந்தது. அவள் தலையை அசைப்பதற்காக அண்ணாச்சி காத்திருந்தார். ஒரு அசைவு போதும், அவளுக்குக் குரல் வந்துவிடும், அவருக்கும் அந்தக் கடைசிக் கோடு போய்விடும். முப்பிடாதி சாவியை இறுக்கிப் பிடித்தாள். உலகம்மாள், “ஆட்டு தாயி, தலைய ஆட்டிரு” என்று மெதுவாகச் சொன்னாள்.

சந்தனமாரி தலையை அசைக்கவில்லை. கையில் இருந்ததைக் கீழே வைக்கிறவள் போல ஒரு தடவை குனிந்து நிமிர்ந்து, ஊருணிப் படியில் நின்று எப்படிக் கத்தினாளோ அதே குரலில், அதே இழுப்பில், அதே முறிவோடு, அவர் முகத்துக்கு நேராகக் கத்தினாள்.

“எங்க ஓட்டு ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி.”

ஆபீஸ் கூரையில் இருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. அண்ணாச்சிக்குத் தொண்டை திறந்திருந்தது, எந்தச் சொல்லை வேண்டுமானாலும் சொல்லலாம். அவர் எதையும் சொல்லவில்லை. அவள் முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கழுத்தில் அந்த மையோடு, சொல்லிக்கொள்ளாமல் நடந்து போனாள்.